அங்கீகரிக்கப்பட்ட நிறம்

மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள்.
சிவப்பு கூடிவிட்டதாம். பிறகு மங்கிவிட்டதாம்.
பிறகு காரணமே எழுதவில்லை.
கடைசியில் பையர் ஆபீஸிலிருந்து
கூரியரில் ஒரு பொட்டலம்:
டாரோ பபிள் டீ பொடி, அரைக் கிலோ.
மேலே ஒட்டிய சீட்டில், இந்த நிறம்தான்.

நான்காவது லேப் டிப் பாஸ்.
பதினோராயிரம் குழந்தைச் சட்டைகள்
அந்த நிறத்தில் தூத்துக்குடிக்கு லாரியேறிவிட்டன.
பொட்டலம் மட்டும் என் மேஜையில்
சாயப் புட்டிகளுக்கு நடுவே
கேட்க ஆளில்லாமல் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை.
அனுப்பர்பாளையம் லைன் வீட்டுக்கு
எட்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை.
இருக்கிற குடங்களை ஒருமுறை எண்ணிவிட்டுத்தான்
பொட்டலத்தைப் பிரித்தேன்.

தெய்வசிகாமணி கண்ணாடி போட்டுச்
சேர்மானம் படிக்கிறார்:
சர்க்கரை, பாலில்லாத பால்மாவு, நிறமி,
கிழங்கு நூற்றுக்கு இரண்டு.
"ஏம்புள்ள, கிழங்கு வந்துட்டுப் போன ஊட்டுக் காத்தப் புடிச்சு
அடைச்சிருக்கறாங்களாட்ட இருக்குது."

முத்து உள்ளே இல்லை.
படத்தில் மட்டும் இருந்தது, கருப்பாக, மினுங்கிக்கொண்டு.
ஜவ்வரிசியை வேகவைத்தேன்.
அதற்குத் தெரிந்ததைச் செய்தது:
பாயசமாயிற்று.

பிறகு ஆத்தூர்க் குச்சிக்கிழங்கு மாவு,
கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி.
பாகு ஆறிப்போனால் மாவு சண்டித்தனம் பண்ணும்:
அமுக்கினால் கல், விட்டால் தண்ணீர்.
"இது பல்லடத்துச் சைசிங்ல
பாவுக்குப் போடற கஞ்சிதான புள்ள?"
அதேதான்.
நூலுக்கு விறைப்பாக நின்றதை
சுண்டைக்காயில் பாதியாக உருட்டி உருட்டி
உள்ளங்கை ரேகையெல்லாம் பிசுபிசுத்தது.

பொடிக்கு லிட்டருக்கு எத்தனை கிராம் என்று கணக்குப் போட்டேன்.
பழக்கதோஷம்.
சுடுதண்ணீர் பட்டதும்
அந்த வெளிறிய தூள்
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
நீலமாய்ச் சிவந்தது.
நான் கரண்டியை நிறுத்திவிட்டேன்.
கட்டி கட்டியாகப் போயிற்று.

பக்கத்து அறை மினதியைக் கூப்பிட்டோம்.
ஒடிசாக்காரி, ஓவர்லாக்கில் இருக்கிறாள்.
டம்ளரைச் சாய்த்துப் பார்த்துச் சிரித்தாள்.
"சாரு இது இல்லக்கா.
சாரு எங்க ஊர்ல கொல்லையில கிடக்கும். உள்ளே வெள்ளை.
நறுக்கினா கை அரிக்கும்.
உனக்கு அரிச்சுதா?"

அரிக்கவில்லை.
இரண்டு மாதம் நான் துரத்தியது
கிழங்கின் நிறமும் இல்லை, இந்தக் குடிப்பின் நிறமும் இல்லை.
பொட்டலத்தின் மேல் அச்சடித்த படம்.

ஸ்ட்ரா இளநீர்க் கடையில் வாங்கியது.
கேட் பாஸ் இல்லாமல்
வாசலில் நிற்கிற ஆள்போல
முத்து முனையிலேயே நின்றது.
தெய்வசிகாமணி கன்னம் குழிய இழுத்தார், இழுத்தார்,
கடைசியில் டக்கென்று உள்ளே போய்
புரையேறி, கண்ணில் நீர் வந்து,
"இன்னொண்ணு ஊத்து" என்றார்.

மினதி ஸ்பூன் கேட்டாள்.
முத்துகளை மட்டும் அள்ளித் தின்றுவிட்டு
ஊதாவை அப்படியே வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை.
ஃபிரிட்ஜில் மிச்சம் வைத்ததைச்
சின்னப் புட்டியில் எடுத்துப் போய்
பாஸான துணித்துண்டின் பக்கத்தில்
லைட் பாக்ஸுக்குள் வைத்தேன்.
கடை வெளிச்சத்தில் அக்கா தங்கை.
பகல் வெளிச்சத்துக்கு மாற்றினால்
ஒன்றையொன்று தெரியாது.
பையர் பார்த்தால் ரிஜெக்ட்.

கதவைச் சாத்திவிட்டுக் குடித்தேன்.
அடியில் ஒரே ஒரு முத்து,
ராத்திரியோடு இறுகி,
நாலு ஓட்டை போட்டால்
சட்டைக்குத் தைக்கலாம்.